தங்கமீன் வாங்கச் செல்வோரின் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: சென்னை கொளத்தூரில் உள்ள வண்ணமீன் கடைகளுக்கு முதன்முறையாகப் போகிறேன். இத்தனை மீன்களுக்கு நடுவே நலமான தங்கமீனை எப்படி அடையாளம் காண்பது?

பதில்: முதலில் தொட்டியைப் பாருங்கள். அதில் ஒரு மீன் செத்துக் கிடந்தாலும், எஞ்சியவை எவ்வளவு அழகாக இருந்தாலும், அங்கே வாங்க வேண்டாம். அவையும் அதே தண்ணீரில்தான் மூச்சு விடுகின்றன. பிறகு சற்று விலகி நின்று பத்து நிமிடமாவது கவனியுங்கள். நலமான மீன் முதுகுத் துடுப்பை நிமிர்த்திக்கொண்டு, தரையைக் கிளறி ஓயாமல் இரை தேடும். (ரான்சு வகைக்கு முதுகுத் துடுப்பே கிடையாது, அது குறையன்று.) துடுப்புகளை உடலோடு ஒடுக்கி மூலையில் நிற்கும் மீனையும், நீர்மட்டத்தில் வாய் பிளந்து காற்றுக்குத் தவிக்கும் மீனையும் விட்டுவிடுங்கள். மேலிருந்து பார்க்கையில் செதில்கள் சிலிர்த்து நின்றால் உடலுக்குள் நீர் கோத்திருக்கிறது என்று பொருள்; அத்தகைய மீன் பிழைப்பது அரிது. கடைசியாக, ஒரு சிட்டிகை தீனி போடச் சொல்லுங்கள். பசியில்லாத தங்கமீனை நான் வாங்கவே மாட்டேன்.

கேள்வி: எனக்குப் பிடித்த மீனின் செவுள் மூடியில் வெள்ளைப் புள்ளிகள் உள்ளன. நோயா?

பதில்: புள்ளிகள் செவுள் மூடியிலும் மார்புத் துடுப்பின் முன்விளிம்பிலும் மட்டும் வரிசையாக இருந்தால், அது இனப்பெருக்கப் பருவத்தை எட்டிய ஆண் மீன்; அஞ்ச வேண்டாம். உப்பைத் தூவியதுபோல் உடல், வால் எங்கும் சிதறியிருந்தால் அது வெள்ளைப்புள்ளி நோய். தொட்டி முழுவதற்கும் பரவும்.

கேள்வி: மகளுக்கு ஒராண்டா வகைத் தங்கமீன் ஒன்றை வாங்கிக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைக்கலாமா?

பதில்: அருள்கூர்ந்து வேண்டாம். இன்று விரல் நீளமுள்ள அந்த மீன் 15 சென்டிமீட்டருக்கு மேல் வளரும். நன்றாகப் பேணினால் பத்தாண்டுகளுக்கு மேலும் வாழும். ஒரு மீனுக்கே 75 லிட்டர் தொட்டியும் ஃபில்டரும் தேவை. தங்கமீனின் கழிவிலிருந்து உண்டாகும் அமோனியா செவுளை அரித்துவிடும். அதைத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றும் பாக்டீரியாக்கள் புதிய ஃபில்டரில் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். ஆகவே தொட்டியை இப்போது வாங்குங்கள், மீனைப் பிறகு வாங்குங்கள். மகளுக்குக் காத்திருப்பது கடினம்தான். ஆனால் வாங்கிய வாரத்திலேயே மீன் செத்து மிதப்பதைக் காண்பது அதைவிடக் கடினம்.

கேள்வி: வாங்கும்போது இருந்த கறுப்பு நிறம் சில மாதங்களில் மறைந்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை. தங்கமீன்கள் வளர வளர நிறம் மாறும். கறுப்பு மங்குவது வழக்கம்தான்.

கேள்வி: வீட்டில் ஏற்கெனவே இரண்டு மீன்கள் உள்ளன. புதியதை உடனே சேர்க்கலாமா?

பதில்: கூடாது. மூன்று வாரங்களாவது தனித்தொட்டியில் வையுங்கள். குழாய்த் தண்ணீரானால் குளோரினை முதலில் நீக்கிவிடுங்கள். பையைக் கட்டவிழ்க்காமல் தொட்டியில் இருபது நிமிடம் மிதக்கவிட்டு, மீனை மட்டும் மெல்ல எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீரை அப்படியே வெளியே கொட்டிவிடுங்கள்.