கனியப் பளிங்கின் மேற்பரப்பு மின்னழுத்தம்: கேள்வி பதில்

வெள்ளவத்தை மாணவி: அக்கா, ஸீட்டா மின்னழுத்தத்தை அளந்தால் மேற்பரப்பு மின்னழுத்தம் கிடைத்துவிடும்தானே?

இல்லைத் தங்கச்சி. தண்ணீரில் மிதக்கும் கனியத் துணிக்கை மின்புலத்தில் நகரும்போது அதோடு ஒட்டிய தண்ணீர்ப் படலமும் கூடவே போகும். அந்தப் படலத்தின் வெளி ஓரத்தில் இருக்கும் மின்னழுத்தம்தான் ஸீட்டா. மேற்பரப்பில் இருப்பது பெரும்பாலும் அதைவிடப் பெரியது. கருவி பார்ப்பது துணிக்கையின் வேகத்தை மட்டும். அதை மில்லிவோல்ட்டாக மாற்றுவது இயற்பியலாளர் ஸ்மொலுச்சோவ்ஸ்கி 1903இல் தந்த சமன்பாடு.

தெஹிவளை வாசகர்: அப்படியென்றால் மேற்பரப்பை நேரே அளக்க வழியே இல்லையா?

உண்டு. ஒற்றைப் பளிங்கு மின்வாய். எனக்கு மிகப் பிடித்த வேலை இது. ஹேமடைட் என்ற இரும்பு ஒட்சைட்டுக் கனியத்தின் ஒரு பளிங்கில், பின்பக்கத்தில் கம்பியை இணைத்து, ஒரு முகம் மட்டும் தண்ணீரைத் தொடும்படி மற்ற இடமெல்லாம் எப்பொக்சி பூச வேண்டும். பக்கத்தில், மின்னழுத்தம் மாறாத ஓர் ஒப்பீட்டு மின்வாய். அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வாசிப்பு அசையாமல் நிற்கும்வரை காத்திருங்கள். அவசரப்பட்டால் எல்லாம் பிழையாகிவிடும். பீஎச் ஒரு படி மாறினால், 25 பாகை செல்சியஸில், ஏட்டுக் கணக்குப்படி 59 மில்லிவோல்ட் மாற வேண்டும். ஒட்சைட்டுகளில் பொதுவாக அதைவிடக் குறைவாகத்தான் மாறும். இன்னொன்று, இதில் கிடைப்பது வித்தியாசம் மட்டுமே. பூச்சியம் எங்கே என்பதை ஏற்றமற்ற புள்ளியை, அதாவது மேற்பரப்பில் நிகர ஏற்றம் இல்லாத பீஎச்சை, வைத்து நாம்தான் குறிக்க வேண்டும். குவார்ட்ஸ் மின்னைக் கடத்தாது, அதற்கு இந்த வழி சரிவராது.

கொட்டாஞ்சேனை வாசகர்: புல்மோட்டை மணலிலுள்ள தைத்தேனியக் கனியமான ரூட்டைலை அப்படியே ஸீட்டா கருவியில் போடலாமா?

மணல் பருமன் கூடியது, அடியில் இறங்கிவிடும். அரைப்பதானால் அகேற் என்ற கடினக் கல்லாலான உரலில் அரையுங்கள். இரும்பு உரலில் அரைத்தால் மேற்பரப்பில் இரும்பு ஒட்டிக்கொள்ளும், நீங்கள் அளப்பது ரூட்டைலாக இருக்காது. அரைக்க மனமில்லையென்றால் மணலைக் குழாயில் இறுக்கி, அதனூடே கரைசலைத் தள்ளி, இரு முனைகளுக்கும் இடையில் தோன்றும் மின்னழுத்தத்தை அளந்து ஸீட்டாவைக் கணிக்கலாம்.

வெள்ளவத்தை மாணவி: காலையில் -28, பின்னேரம் -19 மில்லிவோல்ட். அதே மாதிரிதான் அக்கா!

தண்ணீரைத் திறந்து வைத்திருந்தீர்களா? வடித்த நீர் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சி பீஎச் 5.6 அளவுக்கு இறங்கிவிடும், பீஎச் மாறினால் ஸீட்டாவும் மாறும். நானும் ஒருமுறை சவர்க்காரம் சரியாகக் கழுவப்படாத போத்தலால் மூன்று நாள் வேலையை இழந்தேன். ஒவ்வொரு வாசிப்புக்கும் பக்கத்தில் பீஎச்சையும் உப்பின் செறிவையும் எழுதுங்கள். அவை இல்லாத ஸீட்டா எண்ணை நான் ஏற்பதில்லை.

மட்டக்குளி வாசகர்: மழைக்காலக் களனி கங்கைக் கலங்கலுக்கும் இதற்கும் தொடர்புண்டா?

நிச்சயமாக. களித்துணிக்கைகள் மறையேற்றத்தால் ஒன்றையொன்று தள்ளி மிதக்கின்றன. படிகாரம் போட்டால் அதன் அலுமினியம் அந்த ஏற்றத்தைத் தணிக்கும், துணிக்கைகள் திரண்டு அடியில் படியும்.