ஆசை இல்லை, வேட்கை

கேள்வி: கெக் லோக் சி கோயிலுக்குப் பக்கத்தில்தான் எங்கள் வீடு. வெசாக் வந்தால் பிள்ளைகள் புத்தரைப் பற்றிக் கேட்கிறார்கள். 'ஆசையே துன்பத்துக்குக் காரணம்' என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆசையே இல்லாமல் மனிதன் எப்படி வாழ்வான்? பௌத்தம் எப்படித் தோன்றியது, என்னதான் சொல்கிறது?
– வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: ஐயா, இந்த 'ஆசை' என்ற சொல்லோடு எனக்குப் பல வருடச் சண்டை. கோலாலம்பூரில் ஒரு விழா. பேச்சாளர் ஒருவர், "ஆசைப்படக் கூடாது என்று புத்தரே ஆசைப்பட்டாரே!" என்றார். மண்டபமே கைதட்டியது. நான் எழுந்தேன். நேரமில்லை என்று உட்கார வைத்துவிட்டார்கள். அன்று சொல்ல விடாததை உங்களிடம் சொல்கிறேன்.

பௌத்தத்தின் பழைய நூல்கள் பாலி மொழியில் இருக்கின்றன. 'ஆசை' என்று நாம் சொல்லும் இடத்தில் அவற்றில் இருக்கும் சொல் 'தண்ஹா'. அதன் நேர்ப்பொருள் தாகம். பிள்ளைகளுக்குச் சரியாகப் பதில் சொல்ல வேண்டும் என்று எனக்கு எழுதினீர்களே, அதுவும் ஆசைதான். அதைப் புத்தர் தடுக்கவே இல்லை. நல்லது செய்ய வேண்டும் என்ற விருப்பத்தைக் குறிக்கப் பாலியில் 'சந்த' என்று வேறு சொல் இருக்கிறது. தாகம் என்பது வேறு. நம் ஊரில் நாலு நம்பர் லாட்டரி எடுப்பவர்களைப் பாருங்கள். அடிக்காவிட்டால் விட்டதைப் பிடிக்க மறுபடியும் எடுக்கிறார்கள். சரி, அடித்துவிட்டது, நிறுத்துகிறார்களா? இன்னும் பெரிதாக எடுக்கிறார்கள். கிடைத்தாலும் தணியாத, கிடைக்காவிட்டாலும் தணியாத அந்தத் தவிப்புதான் தண்ஹா. அதில் மூன்று வகை சொல்கிறார்கள்: இன்பத்தின் மேல் தாகம், என்றென்றும் இருந்துகொண்டே இருக்க வேண்டும் என்ற தாகம், எல்லாம் ஒழிந்து போகட்டும் என்ற தாகம். வாழ்க்கையை வெறுத்து ஒதுக்குவதும் தாகம்தான் என்கிற மூன்றாவதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்பதிலேயே பதில் இருக்கிறது. சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் லும்பினியில், இன்றைய நேபாளத்தில், சாக்கிய குலத்தில் பிறந்தவர் சித்தார்த்தர். 29 வயதில் வீட்டை விட்டுப் போனார். ஆறு வருடம் எலும்பும் தோலுமாகும்வரை பட்டினி கிடந்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் சுஜாதை என்ற பெண் கொடுத்த பால்சோற்றைச் சாப்பிட்டார் என்கிறது மரபு. ஆசை எல்லாமே தப்பு என்றால் அந்தச் சோற்றை ஏன் வாங்கினார்? உடலை வதைப்பதும் வழியில்லை, சுகத்தில் மூழ்குவதும் வழியில்லை என்று தெரிந்துகொண்டுதான் கயாவில் அரசமரத்தடியில் உட்கார்ந்தார். ஞானம் பெற்றபோது வயது 35. அப்புறம் 80 வயதில் குசிநாராவில் கண்மூடும்வரை ஊர் ஊராக நடந்து பேசினார்.

சாரநாத்தில் ஐந்து பேருக்குச் சொன்ன முதல் பேச்சிலேயே சாரம் வந்துவிடுகிறது. வாழ்வில் துக்கம் உண்டு. அதற்குக் காரணம் அந்தத் தாகம். தாகம் அடங்கினால் துக்கம் அடங்கும். அடக்குவதற்கு எட்டு அங்கமுள்ள ஒரு வழி உண்டு: சரியான பார்வையில் தொடங்கி, பேச்சு, செயல், பிழைப்பு வழியாக மன ஒருமையில் முடிவது. எதுவும் நிலையில்லை, மாறாத 'நான்' என்றும் ஒன்று இல்லை என்பது இதன் அடித்தளம். பிள்ளைகளுக்கு இவ்வளவு போதும்.

என் வருத்தம் வேறு. தண்ஹாவுக்குச் சரியான சொல் தமிழில் எப்போதோ இருந்தது. மணிமேகலையில் சாத்தனார் ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றுவதாகப் பௌத்தம் சொல்லும் பன்னிரண்டு சார்புகளையும் தமிழாக்கி அடுக்குகிறார்: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். வேட்கை! நீர்வேட்கை என்றால் தாகம்தானே ஐயா? இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியில் கிடைக்கும்? அதை விட்டுவிட்டு 'ஆசை' என்று எழுதிப் புத்தரை மேடைச் சிரிப்புக்கு ஆளாக்கிவிட்டோம். பௌத்தம் 'சீனர் சாமி' என்று நம்மவர்கள் சொல்லும்போதும் எனக்கு இதே வருத்தம். ராஜராஜ சோழன் காலத்தில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளி எழுந்ததே, அதைக் கட்டியவர்கள் கடாரத்து அரசர்கள். அந்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே சோழன் கொடுத்தான். கடாரம் என்பது இன்றைய கெடா, உங்களுக்குப் பக்கத்து மாநிலம்.

ஏன், உங்கள் மாநிலத்திலேயே ஒரு கல் கிடைத்தது. 1834இல் செபராங் பிறையில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் லோ கண்டெடுத்தது. 5ஆம் நூற்றாண்டு எழுத்து, நடுவில் ஒரு தூபியின் கோட்டுருவம். புத்தகுப்தன் என்ற மாலுமியின் பெயர் அதில் இருக்கிறது. கூடவே ஒரு வடமொழிச் சுலோகம்: அறியாமையால் வினை சேர்கிறது, வினையால் பிறவி வருகிறது, அறிவு வந்தால் வினை இல்லை, வினை இல்லையேல் பிறப்பில்லை. பேதைமை, செய்கை, தோற்றம் என்று சாத்தனார் அடுக்கிய அதே சங்கிலி, கடலைத் தாண்டி நம் கரையிலும் கல்லில் இருந்திருக்கிறது.

கல் இப்போது கொல்கத்தாவில் இருக்கிறது. ஆனால் பழைய கடாரத்தின் சிதைவுகள் கிடைத்த பூஜாங் பள்ளத்தாக்கு கெடாவின் மெர்போக்கில்தான் இருக்கிறது, அருங்காட்சியகமும் உண்டு. இந்த வெசாக் விடுமுறையில் பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள்.