எது வடக்கு?

அன்புள்ள அக்கா,

நீலகிரியில் எங்கள் பந்தலூர்ப் பக்கம் எஸ்டேட் லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இப்போது ஜார்க்கண்ட் குடும்பங்கள் நிறைய. போன மாதம் ஒரு பையனின் போன் காணாமல்போக, வடக்கன் ஒருவனைப் பிடித்து அடித்துவிட்டார்கள். அடி வாங்கிய வடக்கன் வேலைக்கே வரவில்லை. போன் அந்தப் பையன் வீட்டிலேயே கிடைத்தது. வடக்கனும் மனுஷன்தானே அக்கா? போலீஸுக்குப் போகலாமா, மனிதச் சங்கிலி நடத்தலாமா என்று நாங்கள் நாலு பேர் பேசுகிறோம். ஊர் ஜனத்தை இதற்குள் எப்படிக் கொண்டுவருவது?

ர., பந்தலூர்

அன்புள்ள ர.,

போலீஸுக்குப் போங்கள். அடித்தது குற்றம், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மனிதச் சங்கிலியை விடுங்கள். கால் மணி நேரம் கைகோத்து நின்று, போட்டோ எடுத்து, டீ குடித்துக் கலைவார்கள்.

ஆனால் தம்பி, பத்து வரிக் கடிதத்தில் மூன்று இடத்தில் ‘வடக்கன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அடித்தவர்களும் அதைச் சொல்லித்தானே அடித்திருப்பார்கள்? போன் தொலைத்த பையன் பெயரை எழுதியிருந்தீர்கள், நான்தான் எடுத்துவிட்டேன். அடிபட்டவன் பெயரை நீங்கள் எழுதவே இல்லை.

உங்கள் கடிதம் வந்த வாரம் நான் அம்மாவின் தகரப்பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தேன். அடியில் அவளுடைய குடும்ப அட்டை. ரேஷன் அட்டை இல்லை, இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்குக் கொடுத்தது. அம்மா பிறந்தது இலங்கையில், பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். 1948இல் தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக்கிய இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தபோது அவளுக்கு நாலு வயது. அன்றிலிருந்து எந்த நாட்டுக்காரியும் இல்லை. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அதில் ஒரு தலை அம்மா. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கோத்தகிரிக்கு வந்து சேர்ந்தாள்.

அங்கே சிங்களவர்கள் ‘கள்ளத்தோணி’ என்றது எல்லோரும் சொல்கிற கதை. யாழ்ப்பாணத்துத் தமிழர் வாயில் மலையகத்தாருக்கு, அதாவது அம்மாவைப் போன்ற தோட்டத் தமிழருக்கு, இன்னொரு பெயர் இருந்தது. ‘வடக்கத்தியான்.’ யாழ்ப்பாணமே இலங்கையின் வடகோடி! அவர்களுக்கும் வடக்கே, கடல் தாண்டி வந்தவர்களாம் நாம். தமிழ் பேசுகிற அம்மாவைத் தமிழ் பேசுகிறவர்களே வடக்கத்தியாள் ஆக்கினார்கள். இங்கே வந்தால் ‘சிலோன்காரி’. கடைக்காரர் மீதிச் சில்லறையைக் கையில் தரமாட்டார், பலகையில் வீசுவார். “அதைப் பொறுக்க நகம் வளக்கணும்டி” என்று சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். எனக்குத்தான் இன்றைக்கும் சிரிப்பு வரவில்லை.

உங்கள் பந்தலூரிலும் சேரம்பாடியிலும் அரசுத் தேயிலைக் கழகமான டேன்டீயின் லயங்களில் இருப்பது யார்? 1968இல் அரசு தேயிலை போட ஆரம்பித்ததே அந்தக் கப்பலில் வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தானே? கை ஓங்கியவர்களில் எத்தனை பேர் வீட்டுப் பெட்டியில் அதே குடும்ப அட்டை கிடக்கிறதோ!

இன்னொன்று. ஜார்க்கண்டிலிருந்து வருகிறவர்களில் ஒராவோன் பழங்குடி மக்களும் உண்டு. அவர்கள் பேசும் குருக், இந்தி இல்லை, திராவிட மொழி. கண்ணை ‘ஃகன்’ என்பார்கள், பல்லைப் ‘பல்’ என்றே சொல்வார்கள், நீ என்பதற்கு ‘நீன்’. சொந்தக்காரன், அதனால் அடிக்காதே என்று சொல்லவரவில்லை. போஜ்புரி பேசுகிறவனையும் அடிக்கக் கூடாதுதான். எல்லோரையும் ‘இந்திக்காரன்’ என்கிற வாய்க்கு இது தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

ஊர் ஜனத்தைப் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா, எங்கேயோ போய்விட்டேன். எஸ்டேட் மாரியம்மன் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வரி வாங்குவீர்களே, அந்தக் குடும்பங்களிடம் வாங்குகிறீர்களா? வாங்கினால் கமிட்டியில் அவர்களில் ஒருவரைச் சேருங்கள். வாங்காவிட்டால் நோட்டை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கும் போங்கள். கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் இஷ்டம். போகும்போது உங்கள் பாட்டியைக் கூட்டிப் போங்கள், அடித்த பையன்களில் ஒருவனையும் தரதரவென்று இழுத்துப் போங்கள்.

நோட்டில் பெயர் எழுத வேண்டியிருக்கும். அதை எனக்கும் எழுதுங்கள்.