எல்எல்-37: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

கல்லூரி மாணவி, மதுரை: எல்எல்-37 என்றால் என்ன? பாக்டீரியாவை மட்டும் எப்படி அடையாளம் கண்டு கொல்கிறது?

பெயரிலேயே பாதி விடை இருக்கிறது. லூசின் என்ற அமினோ அமிலம் இரண்டில் தொடங்கும், மொத்தம் 37 அமினோ அமிலம் கோத்த சிறு புரதத் துண்டு, அதாவது பெப்டைட். நியூட்ரோபில் வெள்ளணு இதைத் தனியாக வைத்திருப்பதில்லை. ஒரு பெரிய புரதத்தின் வாலாக அடங்கிக் கிடக்கும். கிருமி வந்ததும் புரோட்டினேஸ்-3 என்ற நொதி வாலை நறுக்கிவிடும். அந்த வால்தான் ஆயுதம். அதன் மின்னூட்டம் +6. பாக்டீரியாவின் மேற்பரப்பு எதிர்மின், நம் செல்லின் வெளிப்பக்கமோ ஏறக்குறைய நடுநிலை, போதாததற்குக் கொலஸ்ட்ராலும் சவ்வை இறுக்கிப் பிடித்திருக்கும். அதனால் பெப்டைட் பாக்டீரியாமேல் போய் ஒட்டி, திருகுபோலச் சுருண்டு, சவ்வைக் கிழிக்கிறது. அளவு கூடினால் நம் செல்லையும் கிழிக்கும். விளம்பரங்களில் இந்த வரி மட்டும் காணாமல் போய்விடும்.

சேலம் வாசகர்: மாத்திரையாக எங்கே கிடைக்கும்?

கிடைக்காது. விழுங்கினால் வயிற்று நொதிகளே வெட்டிச் செரித்துவிடும்.

மென்பொருள் பொறியாளர், கோவை: கோடிக்கணக்கான ஆண்டுகளாக விலங்குகளின் உடம்பில் இந்த வகைப் பெப்டைடுகள் இருக்கின்றன, கிருமிகள் இன்னும் தோற்றுத்தானே போகின்றன? அப்படியானால் இதற்கு எதிர்ப்பே வராதல்லவா?

இந்த வாதத்தை அடிக்கடி கேட்கிறேன், நம்பாதீர்கள். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா தன் சவ்வின் கொழுப்பில் நேர்மின் கொண்ட லைசினை ஒட்டி எதிர்மின்னைக் குறைத்துக்கொள்கிறது. ஆரியோலைசின் என்ற நொதியால் எல்எல்-37-ஐ வெட்டியும் போடுகிறது. எதிர்ப்பு ஏற்கெனவே வந்தாயிற்று.

அதே பொறியாளர்: அது சின்ன எதிர்ப்புதானே? ஆன்டிபயாடிக் மாதிரி நம்மை மொத்தமாகக் கைவிட்டுவிடாதல்லவா?

சரி, கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைப் பாருங்கள். அதுவும் பெப்டைட்தான், பாக்டீரியா தயாரிப்பது, சவ்வைத் தாக்குவது. பன்றிக்கும் கோழிக்கும் தீவனத்தில் கலந்து போட்டார்கள். 2015-ல் சீனாவில் எம்சிஆர்-1 என்ற எதிர்ப்பு மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது. இந்தியா 2019-ல் கால்நடைக்குக் கொலிஸ்டின் தருவதைத் தடை செய்தது. இந்த மரபணு உள்ள ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியா, மனிதன், பன்றி, கோழி ஆகியவற்றின் சொந்தப் பெப்டைடுகளையும் கூடுதலாகத் தாங்குகிறது என்று 2023-ல் ஓர் ஆய்வு காட்டியது. என் பயமே இதுதான். எல்எல்-37-ஐ மருந்தாக அள்ளித் தெளித்தால், நம் வெள்ளணுவை ஏமாற்றக் கிருமிக்கு நாமே பயிற்சி கொடுத்ததாகிவிடும்.

இன்னொருவர்: பொறியாளர் சொல்வதில் நியாயம் இருக்கிறதே?

ஒரு பாதியில் இருக்கிறது. உடம்பு இதைத் தனியாக அனுப்புவதில்லை. டிஃபென்சின், லைசோசைம், லாக்டோஃபெரின் என்று கிருமியை எதிர்க்கும் மற்றவை எல்லாம் கூட்டமாக வரும். எல்லாவற்றிலிருந்தும் ஒரே நேரத்தில் தப்புவது கிருமிக்குக் கஷ்டம். ஒற்றை மருந்தாக விற்கும்போது அந்தக் கூட்டம் இல்லை. நான் சொல்வது அவ்வளவுதான்.

இல்லத்தரசி, தஞ்சாவூர்: பருவுக்குக் காலை எச்சில் தடவச் சொல்வார் என் பாட்டி. இதுதான் காரணமா?

எச்சிலில் ஹிஸ்டாட்டின் என்ற பெப்டைட் உண்டு, பூஞ்சையை நன்றாகவே அடிக்கும். ஆனால் அதே எச்சிலில் கோடிக்கணக்கான பாக்டீரியாவும் உண்டு. பாட்டியிடம் வாதாட வேண்டாம், முகத்தைக் கழுவிக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெற்றவர்: வைட்டமின் டி சாப்பிட்டால் எல்எல்-37 கூடுமாமே?

எல்எல்-37-ஐத் தயாரிக்கும் மரபணுவை வைட்டமின் டி தூண்டும், காசநோய்க் கிருமி தொடர்பான 2006 ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். அதற்காக நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள். ஆன்டிபயாடிக்குக்கும் இதே பேச்சுதான்: போன தடவை மிச்சமான மாத்திரையை விழுங்காதீர்கள்.

திருப்பூர் வாசகர்: ஊசியாகவாவது எங்கே வாங்கலாம்?

சேலத்துக்காரருக்குச் சொன்ன முதல் சொல்தான் உங்களுக்கும்: மருந்தாகக் கிடைக்காது. இணையத்தில் குப்பியில் விற்பதைக் குத்திக்கொள்ளவும் வேண்டாம்.

அதே மதுரை மாணவி: சோதனைத் தட்டில் என் பெப்டைட் வேலை செய்யவில்லை. பாக்டீரியா வளர்க்கும் கரைசலில் உப்பு கம்மிதான், அது தடுத்திருக்காது.

தட்டு பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கா? நேர்மின் பெப்டைட் அந்தச் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும், பாக்டீரியாவுக்கு மிச்சம் எதுவும் போகாது. நானும் ஒரு வாரம் வீணடித்திருக்கிறேன். அவ்வளவாக ஒட்டாத பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் தட்டில் திரும்பச் செய்துவிட்டு எழுதுங்கள்.