காரம்தான் காரணமா? குடல் அழற்சிக்காரர்களின் சாப்பாட்டுக் கேள்விகள்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே பயம்தான் தெரிகிறது: எதைச் சாப்பிட்டால் ரத்தம் போகும், எதை விட்டால் நிற்கும். நான் இங்கே பேசுவது அல்சரேட்டிவ் கொலைடிஸ், க்ரோன்ஸ் ஆகிய இரண்டு நாள்பட்ட குடல் அழற்சி நோய்களைப் பற்றி. இரைப்பையில் வரும் அல்சர் வேறு, அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். உணவியல் ஆளாக நான் சாப்பாட்டைப் பற்றித்தான் சொல்வேன், மாத்திரை உங்கள் டாக்டர் சொன்னபடியே போகட்டும்.

தேவகோட்டையிலிருந்து ஒரு ஆச்சி: மூன்று வருஷமாகக் கொலைடிஸ். மகள் காரத்தை அடியோடு நிறுத்திவிட்டாள். பத்தியச் சாப்பாட்டில் நாக்கே செத்துப்போச்சு. எங்கள் வீட்டுக் கோழிக்குழம்புதான் இந்த நோயைக் கொண்டுவந்ததா?

இல்லை ஆச்சி. நம் எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்குவதால் வருகிற நோய் இது. பரம்பரை, குடலில் வாழும் கிருமிகள், சுற்றுச்சூழல் எல்லாம் அதில் சேர்ந்திருக்கின்றன, எந்த ஒரு குழம்பும் தனியாக இதைக் கொண்டுவராது. மிளகாயில் உள்ள கேப்சைசின் குடலின் வலி நரம்புகளைத் தூண்டுகிறது, அதனால் எரிச்சலும் அவசரமும் வரும். ஆனால் எரிச்சல் வேறு, அழற்சி வேறு. புண் ஆறாத நாட்களில் அந்த எரிச்சல் பல மடங்காகத் தெரியும் என்பதால் அப்போது காரத்தைக் குறைப்பது நல்லது. நோய் அடங்கிய பிறகும் அப்படியே இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

நம் ஊர்ச் சமையலின் மணம் மிளகாயில் மட்டுமா இருக்கிறது? சோம்பு, சீரகம், பட்டை, கல்பாசி எல்லாம் அப்படியே இருக்கட்டும். வரமிளகாயைக் கிள்ளிப் போடாமல், அரைக்காமல், இரண்டை முழுசாகத் தாளித்துவிட்டு, குழம்பை இறக்கும்போது எடுத்துவிடச் சொல்லுங்கள். எண்ணெய் மிதக்கும் வறுவலுக்குப் பதில் இளங்குழம்பு. கொழுப்பு அதிகமானால் சிலருக்குப் போக்கு கூடும், அதையும் கவனியுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு மிளகாயைக் கூட்டிப் பார்க்கலாம்.

ஆச்சிக்குச் சொல்ல வந்ததைவிட எனக்குப் பெரிய கவலை உங்கள் மகளைப் போன்றவர்களின் அன்பைப் பற்றி. புதுவயலில் அரிசி ஆலையில் வேலை பார்க்கும் ஒருவர் என்னிடம் வந்தார். வீட்டில் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போய், கடைசியில் ரசம் சோறும் ரஸ்க்கும்தான் மிச்சம். 58 கிலோ இருந்த மனிதர் 43 கிலோ, சட்டைக் காலருக்குள் இரண்டு விரல் போகிற அளவுக்குக் கழுத்து மெலிந்திருந்தது. அவரை அந்த நிலைக்குக் கொண்டுவந்ததில் நோய்க்குப் பாதிப் பங்கு, பட்டினிக்குப் பாதிப் பங்கு. நோய் தீவிரமாக இருக்கும்போது உடம்புக்குப் புரதம் அதிகம் வேண்டும், கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை. 50 கிலோ ஆளுக்கு 60 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது என்றால் ரசம் சோற்றில் என்ன கிடைக்கும், யோசித்துப் பாருங்கள். முள் எடுத்த விரால் மீன், அவித்த முட்டை, தோல் நீக்கிய கோழியைக் குழைய வேகவைத்து உதிர்த்தது, இவையெல்லாம் பலருக்கு நோய் கிளம்பிய நாளிலும் ஒத்துக்கொள்கின்றன.

காரைக்குடி, 31 வயது: ரத்தம் எடுத்து உணவு ஒவ்வாமை டெஸ்ட் செய்தேன். முட்டை, கோதுமை, தேங்காய், பருப்பு உட்பட 40க்கு மேற்பட்ட பொருட்கள் ஆகாது என்று பட்டியல் வந்திருக்கிறது. எல்லாவற்றையும் நிறுத்த வேண்டுமா?

வேண்டாம் தம்பி. அது ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தை அளக்கும் டெஸ்ட். நாம் எதை அடிக்கடி சாப்பிடுகிறோமோ அதற்கு அது உடம்பில் உருவாவது இயல்பு. தேங்காய் உங்கள் பட்டியலில் வந்ததற்கு நீங்கள் தினம் தேங்காய் சாப்பிடுவதே காரணமாக இருக்கலாம். ஒவ்வாமை மருத்துவ அமைப்புகள் இதை நோய் கண்டறியப் பரிந்துரைப்பதில்லை. செலவழித்த காசு போகட்டும், பட்டியலைத் தூக்கி ஓரமாக வையுங்கள்.

அதற்குப் பதில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, எத்தனை முறை மோஷன், ரத்தம் உண்டா, தூக்கம் எப்படி, மாத்திரை தவறியதா. நான்கு வாரம் எழுதினால் போதும். ஒரே பொருள் மூன்று முறையும் தொந்தரவு தந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள். கோதுமையில் சந்தேகம் இருந்தால், அதில் உள்ள குளூட்டன் புரதம் குடலைக் கெடுக்கிற சீலியாக் நோய்க்கு முறையான ரத்தப் பரிசோதனை உண்டு. கோதுமையைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அதை எடுக்க வேண்டும், நிறுத்திய பிறகு எடுத்தால் முடிவு தவறிப்போகும்.

பள்ளத்தூர் வாசகி: க்ரோன்ஸில் சிறுகுடல் ஓரிடத்தில் சுருங்கியிருக்கிறதாம். கவுனி அரிசி உடம்புக்கு நல்லது என்று தினமும் சாப்பிடுகிறேன், சாப்பிட்டதும் வயிறு முறுக்கி வலிக்கிறது.

நிறுத்துங்கள், உடனே. கவுனி நல்ல அரிசிதான், நோய் அடங்கிச் சுருக்கமும் இல்லாதவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். உங்கள் விஷயம் அப்படி இல்லை. குறுகிய வழியில் தவிடும் நாரும் மாட்டிக்கொள்ளும். முருங்கைக்காய்ச் சக்கை, கொய்யா விதை, மக்காச்சோளம், கீரைத்தண்டு, பச்சைக் காய்கறி எல்லாவற்றையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். குழைந்த வெள்ளைச் சோறு, தோல் சீவி வேகவைத்து மசித்த பூசணியோ கேரட்டோ, இடியாப்பம், சிறு சிறு அளவில் ஐந்து வேளை. வாந்தியும் வந்து, காற்றும் மோஷனும் நின்றுபோய் வயிறு உப்பினால் குடல் அடைப்பாக இருக்கலாம். அப்போது கஷாயம் வைத்துப் பார்க்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒருவர்: டாக்டர் கால்ப்ரொடெக்டின் டெஸ்ட் நார்மல், நோய் அடங்கியிருக்கிறது என்கிறார். ஆனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வயிறு பலூன் மாதிரி ஆகிறது.

மலத்தில் எடுக்கும் அந்த டெஸ்ட், குடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும். ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் இயல்பு, 250ஐத் தாண்டினால் நோய் கிளம்பியிருக்க வாய்ப்பு அதிகம். உங்களுக்கு நார்மல் என்பதால் இது அழற்சி இல்லாமல், குடல் எளிதில் உறுத்தப்படுகிற பிரச்சினையாக இருக்கலாம், இரண்டும் ஒரே ஆளுக்கு வருவது சகஜம். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபோட்மேப் குறைந்த உணவுமுறை இந்த நிலைமைக்கு உதவும். செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்க் கிருமிகளால் புளித்து வாயுவாக மாறும் சில சர்க்கரைகளைக் கொஞ்ச நாள் குறைப்பதுதான் அது.

நம் சமையலில் அவை எங்கே இருக்கின்றன? சின்ன வெங்காயம், பூண்டு, பருப்பு. அதாவது நம் குழம்புச் சட்டியின் அடித்தளமே! ஆனால் ஒரு வழி இருக்கிறது. பூண்டின் வாயு கிளப்பும் சர்க்கரை தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. நல்லெண்ணெயில் நான்கு பூண்டுப்பல்லைத் தட்டிப்போட்டுப் பொன்னிறமானதும் பல்லை எடுத்து எறிந்துவிட்டு, அதே எண்ணெயில் கடுகு, சோம்பு தாளித்துக் குழம்பு வையுங்கள். மணம் அப்படியே வரும். பூண்டு எண்ணெயை அன்றைக்கன்றைக்குச் செய்து முடித்துவிடுங்கள், எடுத்துவைக்க வேண்டாம். இதை 2 முதல் 6 வாரம் வரை செய்துவிட்டு, ஒவ்வொரு பொருளாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும். வருஷக் கணக்கில் விலக்கி வைப்பது தப்பு, குடலில் உள்ள நல்ல கிருமிகளுக்கும் தீனி வேண்டும் அல்லவா.

பால் குடிக்கலாமா?

குடித்துத் தொந்தரவு இல்லையென்றால் குடிக்கலாம். உப்பசமோ பேதியோ வந்தால் பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காமல் இருக்கலாம், பாலை விட்டுத் தயிர், மோர் எடுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் எலும்புக்காகக் கால்சியத்தை எப்படியாவது ஈடுகட்ட வேண்டும்.

ஒரு அம்மா: 13 வயதுப் பையனுக்கு க்ரோன்ஸ். ஆறு முதல் எட்டு வாரம் சோறே கொடுக்காமல் சத்துப் பானம் மட்டும் கொடுக்கச் சொல்கிறார்கள். பிள்ளையைப் பட்டினி போடுவதா?

பட்டினி இல்லைம்மா. அந்தப் பானத்தில் கலோரி, புரதம், விட்டமின் எல்லாம் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். க்ரோன்ஸ் உள்ள பிள்ளைகளுக்கு ஸ்டீராய்டு இல்லாமலே நோயை அடக்க உலகம் முழுக்க முதலில் செய்கிற சிகிச்சைகளில் இது ஒன்று. குடல் ஆறும், பிள்ளை வளரவும் செய்வான். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. வீட்டில் பணியாரம் சுடும் வாசனை வரும்போது அவன் டம்ளரோடு உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் பத்து நாள் வீட்டில் எல்லோரும் அவன் கண்ணெதிரே சாப்பிடுவதைக் குறையுங்கள், பானத்தைக் குளிரவைத்துக் கொடுங்கள், பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் சொல்லி வையுங்கள். அப்பத்தா பாசத்தில் ஒரு வாய் ஊட்டிவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

மஞ்சள் சாப்பிட்டால் மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. மஞ்சளில் இருக்கும் குர்குமினைக் கொலைடிஸ் மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் உண்டு, ஒரு நாளைக்கு 2, 3 கிராம் என்று. மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுதான் இருக்கும், குழம்பில் போடும் சிட்டிகை அந்தக் கணக்குக்கு வராது. கேப்ஸ்யூலை டாக்டரிடம் கேட்காமல் வாங்காதீர்கள், கல்லீரல் கெட்டவர்களும் இருக்கிறார்கள். இன்னொன்று, மூட்டு வலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன் மாத்திரைகள் நோயைக் கிளப்பிவிடலாம். பாராசிட்டமால் பரவாயில்லை.

கடைசியாக, கானாடுகாத்தான் வாசகி: பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளுங்கள். இழை என்பது நூல் திரியோடு அரிசி மாவும் வெல்லமும் நெய்யும் சேர்ந்த சின்ன உருண்டை, அதனால் குடலுக்கு ஒன்றும் ஆகிவிடாது. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் மட்டும், பச்சை மாவில் கிருமி இருக்கலாம் என்பதால், மாவை நன்றாக வறுத்துப் பிசையச் சொல்லுங்கள். அன்று சாயங்காலம்வரை வெறும் வயிற்றோடு இருக்காமல் காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டு, மாத்திரையையும் வேளைக்குப் போட்டுவிடுங்கள்.