மூளையின் முக்கியப் பகுதிகள் எவை, எது என்ன வேலை செய்கிறது?

சுமார் 1.3 கிலோ எடையுள்ள மூளையைப் பொதுவாக மூன்றாகப் பிரிப்பார்கள்: பெருமூளை, சிறுமூளை, மூளைத்தண்டு.

வியாசர்பாடி பக்கம் சாயங்காலம் தெருமுனையில் கேரம் ஆடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தக் காயை அடிக்கலாம், சிவப்பை இப்போதே எடுக்கலாமா என்று கணக்குப் போடுவது பெருமூளையின் முன்பகுதி. போர்டைக் கண் பார்த்தாலும், அதில் இருப்பதைப் புரிந்துகொள்வது பின்மண்டைப் பக்கம். ஸ்ட்ரைக்கரைச் சுண்டச் சொல்லும் கட்டளையும் பெருமூளையிலிருந்துதான் கிளம்புகிறது. அதிலும், வலது கைக்கான கட்டளை இடது பக்கத்திலிருந்து வரும். வழியில், மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தில் நரம்புகள் குறுக்கே கடப்பதுதான் காரணம்.

சரி, எவ்வளவு வேகமாகச் சுண்டுவது? இங்கேதான் சிறுமூளை வருகிறது. எனக்குப் பிடித்த பகுதி இதுதான். விரல் போக வேண்டிய விதத்தையும் போன விதத்தையும் ஒப்பிட்டு, அடுத்த அடியில் திருத்திக்கொண்டே இருக்கும். ஆட ஆடக் கை பழகுவது இதனால்தான். மூளையின் எடையில் இது 10% அளவுதான், ஆனால் நரம்பணுக்களில் பாதிக்கு மேல் இதற்குள் இருக்கின்றன. குடித்தவர் தள்ளாடி நடப்பதற்கும், மதுவால் இதன் வேலை தடுமாறுவது ஒரு முக்கியக் காரணம்.

மூச்சு, இதயத் துடிப்பு எல்லாம் மூளைத்தண்டின் பொறுப்பு. ஆட்டம் எவ்வளவு சூடானாலும் மூச்சு விட மறப்பதில்லையே!

நாம் மூளையில் 10% மட்டுமே பயன்படுத்துகிறோம் என்று பலர் சொல்வது தவறு. தூங்கும்போதுகூட மூளையின் எல்லாப் பகுதிகளிலும் ஏதோ ஒரு வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது.