பத்து வாதைகள்: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

கேள்வி: ஐயா, வாதை என்றால் கொள்ளைநோய்தானே?

பதில்: எபிரெய அடிமைகளை விட மறுத்த எகிப்தின் ராஜாவாகிய பார்வோன்மேலும் அவன் நாட்டின்மேலும் கர்த்தர் அனுப்பியதாக வேதாகமத்தின் யாத்திராகமம் சொல்பவைதான் பத்து வாதைகள். அந்தப் பத்தில் நோய் என்று சொல்லத்தக்கவை இரண்டுதான்: கால்நடைகள் செத்த கொள்ளைநோய், அப்புறம் கொப்புளங்கள். மற்றவை இரத்தம், தவளை, பேன், வண்டு, கல்மழை, வெட்டுக்கிளி, இருள், கடைசியில் தலைச்சன் பிள்ளைகளின் சாவு. யூதர்கள் இவற்றை 'மக்கா' என்பார்கள். நேர்ப்பொருள் 'அடி'. ஆகவே அந்த அடி யார்மேல் விழுந்தது என்று பார்த்து வாசியுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு வாதையும் ஒரு எகிப்தியத் தெய்வத்துக்கு எதிரானதா?

பதில்: எகிப்தின் தேவர்கள்மேல் நீதியைச் செலுத்துவேன் என்று யாத்திராகமம் 12:12-லேயே இருக்கிறது. பிரசவத்துக்கு உரிய ஹெகெத்துக்குத் தவளைத் தலை. பார்வோனோ சூரியனாகிய ராவின் மகன் எனப்பட்டவன். அவன் நாட்டில் மூன்று நாள் இருட்டு. ஆனால் பத்துக்கும் ஆளுக்கொரு தெய்வம் என்று அட்டவணை போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பேனுக்கெல்லாம் தெய்வம் தேடி இழுத்துப் பொருத்த வேண்டிவரும்.

என்னை உலுக்குவது நைல் நதிதான். 1-ஆம் அதிகாரத்தில் எபிரெய ஆண் குழந்தைகளை அதில் போடச் சொன்னான் பார்வோன். 7-ஆம் அதிகாரத்தில் அதே நதி இரத்தமாக ஓடுகிறது. அவன் மூழ்கடித்ததை நதியே மேலே கொண்டுவந்து காட்டுகிறது. கடைசி அடி மறுபடியும் பிள்ளைகள்மேல். அந்தத் தண்ணீரின்மேல் கோலை நீட்டும்படி சொல்லப்பட்டவர், எபிரெயரை நடத்திய மோசே அல்ல, அவர் அண்ணன் ஆரோன். குழந்தையாக இருந்தபோது தன்னைக் காத்த தண்ணீரை மோசே தன் கையாலேயே அடிக்கக் கூடாது என்பதால்தான் என்று யூத உரைமரபு சொல்கிறது.

கேள்வி: கர்த்தரே பார்வோனின் இருதயத்தைக் கடினப்படுத்திவிட்டு அவனைத் தண்டிப்பது நியாயமா?

பதில்: நியாயமான கேள்வி. வாதைகளுக்கு நடுவே 'கர்த்தர் கடினப்படுத்தினார்' என்று முதலில் வருவது ஆறாவதில்தான் (9:12). அதற்கு முன் தவளைகள் ஒழிந்ததும் அவனே கடினப்படுத்திக்கொள்கிறான். வண்டுகள் போனதும் அப்படியே. அங்கே உள்ள எபிரெயச் சொல்லுக்குப் 'பாரமாக்குதல்' என்று பொருள். செத்தவனின் இருதயத்தைத் தராசில் ஓர் இறகுக்கு எதிரே நிறுப்பார்கள் என்று நம்பிய நாடு எகிப்து. அங்கே கனத்த இருதயம் என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள்.

தவளைக் கதையையும் நிதானமாக வாசியுங்கள். படுக்கையில் தவளை, அடுப்பில் தவளை, மாவு பிசைகிற தொட்டியிலும் தவளை. எப்போது ஒழிய வேண்டும் என்று மோசே கேட்கிறார். அவன் சொல்வது: 'நாளைக்கு'. இன்னொரு ராத்திரி தவளைகளோடு படுத்தாலும் பரவாயில்லை என்கிறவனின் மனம் அந்த ஒரு சொல்லில் தெரிந்துவிடுகிறது.

கேள்வி: சங்கீதத்தில் வரிசை மாறுகிறதே?

பதில்: ஆம். 105-ஆம் சங்கீதம் இருளில் தொடங்குகிறது. அது பாட்டு, வரிசை பிசகினால் குற்றமில்லை. வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தல் 16-இலும் இரத்தம், புண், இருள், கல்மழை எல்லாம் திரும்ப வருகின்றன. அங்கே அடி விழுவது பாபிலோன்மேல், மிருகத்தின் சிங்காசனத்தின்மேல்.

கேள்வி: என் தம்பி நோயில் படுத்திருக்கிறான். பாவத்துக்கு வந்த வாதை என்று ஒருவர் அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சாப்பிட மறுக்கிறான்.

பதில்: அப்படிச் சொன்னது தவறு. யாத்திராகமத்தில் அடி விழுந்தது, எச்சரித்தும் அடிமைகளை விடாத ஒரு ராஜாவின் ஆட்சிமேல். படுக்கையில் கிடக்கிறவனை அவனோடு சேர்க்க யாருக்கும் உரிமையில்லை. பிறவிக்குருடனைக் காட்டி, பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீஷர்கள் கேட்டபோது, இவனுமல்ல, அவர்களுமல்ல என்றார் இயேசு. யோவான் 9. இன்று ராத்திரி தம்பி பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சத்தமாக வாசியுங்கள், அம்மா. அவன் சாப்பிட்டானா என்று எனக்கும் எழுதுங்கள்.